ஜமாப் அடித்தால் அணையும் ஸ்பீக்கர்: சோமனூர்ப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பொருள்: 12 வோல்ட்டில் ஓடும் உருண்டை ஸ்மார்ட் ஸ்பீக்கர், வாங்கி மூன்றரை வருடம். புகார்: தானாக அணைகிறது, தானாகவே எழுகிறது. ரிப்பேருக்கு என் கடைக்கு வருமுன் வீட்டில் செய்து பார்த்தது: நான்கு முறை பேக்டரி ரீசெட், அதாவது உள்ளே போட்டதையெல்லாம் அழித்துப் புதிது போலாக்குவது. சரியாக முடிய எனக்கு ஆன நாள்: பதினான்கு. அதில் முதல் நான்கு நாள் முழுக்க என் அவசர முடிவால் வீண். அந்த நான்கு நாளைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் இந்த ஆய்வுக்கே அர்த்தமில்லை என்பதால் அதையும் எழுதுகிறேன்.

கோவை மாவட்டத்தில் கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு தறிக்குடோன். எட்டுத் தறி, கூலிக்குக் காடாத் துணி நெய்கிறார்கள். குடோனை ஒட்டியே வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். அந்தச் சுவரில் அடித்த மர அலமாரியில்தான் ஸ்பீக்கர். பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் ஆத்தாளுக்கென்று வாங்கிக் கொடுத்தது. ஆத்தாளுக்கு எழுபத்தெட்டு வயது. காலையில் முருகன் பாட்டு, இரண்டு வேளை மாத்திரைக்கு நினைவூட்டல், பொழுதோட ஜமாப் மேளத்தோடு வள்ளி கும்மிப் பாட்டு. கும்மி வாத்தியார் தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்ததிலிருந்து கும்மிப் பாட்டு ஒரு நாளும் தவறுவதில்லையாம். "நம்மூரு ஆட்டத்துக்கு டெல்லியில மரியாதை பண்ணீருக்காங்க, நாம கேக்கலீன்னா எப்படி சாமி?" என்று என்னிடமே கேட்டார்.

ஸ்பீக்கரைக் கொண்டு வந்தவர் ஆத்தாளின் மகன், தறிக்காரர். "ஏனுங்ண்ணா, இது பாடீட்டே இருக்கும், பொசுக்குன்னு அணைஞ்சு நீலமா சுத்தும். மறுக்கா மொதல்ல இருந்து வணக்கம் சொல்லும். ஆத்தா நொந்து போயிருச்சு." ரீசெட் செய்யும் ஒவ்வொரு தடவையும் மாத்திரை நினைவூட்டல் அழிந்துவிடும். பேரன் பெங்களூரிலிருந்து வந்துதான் திரும்பப் போட வேண்டும். அப்படி நான்கு தடவை. அதனால் ஒரு வாரம் ஆத்தா இரத்த அழுத்த மாத்திரையைக் கோட்டை விட்டதும் நடந்திருக்கிறது. ரீசெட் என்பது காசில்லாத வைத்தியம் என்று நினைக்கிறோம், இந்த வீட்டில் அதற்கும் ஒரு விலை இருந்தது.

என் மேசையில் போட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு தடவைகூட அணையவில்லை. மல்டிமீட்டரில் அடாப்டர் 12.1 வோல்ட் காட்டியது. ஆடாமல் அசையாமல் நின்றது. நம் தொழிலில் இது பழகிய அவமானம்: டிவியோ மிக்சியோ, வீட்டில் படுத்த சாமான் கடைக்கு வந்தால் நல்ல பிள்ளையாகிவிடும்.

தறிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லதானே மோடமும் மாட்டியிருக்கு? அதுவும் அணையுதுங்களா?" "இல்லீங், மோடம் எரிஞ்சுட்டேதான் இருக்கு." சரி, ஒரே பாக்ஸில் மோடம் நிற்கும்போது ஸ்பீக்கர் மட்டும் விழுகிறதென்றால் கரண்ட் காரணமில்லை, வைஃபைதான் தகராறு என்று முடிவு கட்டினேன். மோடத்தை அலமாரிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்த முடிவில் இரண்டு ஓட்டை. வைஃபை போனால் ஸ்மார்ட் ஸ்பீக்கர் அணையாது. விளக்கு எரியும், கூப்பிட்டால் இணையம் கிடைக்கவில்லை என்று சொல்லும், பாட்டு நடுவில் நின்று போகும், அவ்வளவுதான். முதலிலிருந்து வணக்கம் சொல்லி எழுகிறதென்றால் உள்ளே இருக்கும் சிப் முழுதாகச் செத்துப் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். தறிக்காரர் அதைத்தான் வாய்விட்டுச் சொன்னார், என் காதில் ஏறவில்லை. இரண்டாவது, மோடமும் ஸ்பீக்கரும் ஒரே பாக்ஸில் இருந்தாலும் இரண்டுக்கும் அடாப்டர் வேறு, இழுக்கும் கரண்ட் வேறு. மோடம் எப்போதும் ஒரே சீராகக் குடிக்கும். ஸ்பீக்கர் அப்படியில்லை. அது பின்னால் வருகிறது.

நான்காம் நாள் போன் வந்தது. அதே கதை. இந்தத் தடவை நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. "யாராச்சும் ஒருத்தர் நோட்டுப் போட்டு, அணையற நேரத்தை மட்டும் எழுதி வைங்க" என்றேன். அந்த வேலை பத்தாவது படிக்கும் மகள் தலையில் விழுந்தது. நான் சொன்னதற்கு மேல் அந்தப் பெண் செய்தாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு நேரம், என்ன பாட்டு, சத்தம் எத்தனை, தறி ஓடுதா இல்லையா என்று எழுதியிருந்தாள். அந்த நான்காவது கட்டம் எனக்குத் தோன்றியிருக்காது. தறிச் சத்தத்தோடு பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தானாகத் தோன்றியிருக்கிறது.

நான்கு நாளில் 31 தடவை அணைந்திருந்தது. முதல் நாள் 6, அடுத்த நாள் 5, மூன்றாம் நாள் 14, நான்காம் நாள் 6. மூன்றாம் நாளை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற மூன்றையும் பார்த்தால் எல்லாமே மூன்று கொத்தாக நின்றன: காலை 6ஐ ஒட்டி, மதியச் சாப்பாடு முடிந்து 2ஐ ஒட்டி, பொழுதோட 6லிருந்து 7க்குள். இராத்திரி பத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. சத்தம் 3 அல்லது 4 என்று எழுதிய வரிகள் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் 7, 8.

பாட்டுக் கட்டத்தில்தான் என் கண் நின்றது. காலை முருகன் பாட்டில் "தவில் வரும்போது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தாள். சாயங்காலம் "ஜமாப் அடி ஆரம்பிச்சதும்" என்று நான்கு இடத்தில். வெறும் பேச்சு, செய்தி, மாத்திரை நினைவூட்டல், இவற்றின்போது அணைந்ததாக ஒரு வரியும் இல்லை.

மூன்றாம் நாள் ஏன் 14? அது மட்டும் எந்த நேரத்துக்கும் கட்டுப்படாமல் நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தது. இதை நேரில் போனபோதுதான் கண்டுபிடித்தேன். தறிக்காரர் என்னிடம் சொல்லாமல் அன்று ஒரு நாள் மட்டும் பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டிப் பார்த்திருக்கிறார். பின் சேர்கிறதே, 12 வோல்ட் என்றுதானே போட்டிருக்கிறது என்று. அதில் எழுதியிருந்தது 12 வோல்ட், 1 ஆம்பியர். ஸ்பீக்கரோடு வந்ததில் 12 வோல்ட், 1.25 ஆம்பியர். அதாவது 15 வாட் வேண்டிய இடத்தில் 12 வாட். பின்னும் கொஞ்சம் லூசு. இந்த விஷயத்தை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அலுக்காது: வோல்ட் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. ஆம்பியர் கூட இருந்தால் கெடுதல் எதுவும் இல்லை, ஸ்பீக்கர் வேண்டிய அளவுதான் இழுக்கும்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு அந்த வீட்டுக்குப் போனேன். ஆத்தா கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இராத்திரி ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. தறிக்குடோன் பக்கத்தில் இருக்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஊடு நூலைக் கொண்டு போகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடும் சத்தம், எட்டுத் தறிக்கும் எட்டுத் தாளம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது உதட்டசைவில்தான் புரியும். ஸ்பீக்கரை 3இல் வைத்தால் யாருக்குக் கேட்கும்? அதனால் தறி ஓடும்போது 8, தறி நின்றால் 4. இது அந்த வீட்டில் யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகிறது.

அலமாரிக்குக் கீழே ஆணியில் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் மோடம் அடாப்டர், ஸ்பீக்கர் அடாப்டர், ஒரு போன் சார்ஜர். அதற்கு இரண்டு சாண் கீழே பிரிட்ஜுக்கான ஸ்டெபிலைசர், சுவரில் திருகி வைத்தது. ஸ்பீக்கர் அடாப்டரைக் கையில் எடுத்ததும் ஒரு கணம் அணிற்பிள்ளையைத் தொட்ட மாதிரி இருந்தது. விரற்கடை கனத்துக்குப் பஞ்சு. மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று கம்பளி போர்த்தியது போல ஒட்டியிருந்தது. தறி வீட்டில் பஞ்சு படியாத சாமான் கிடையாது, பேன் ரெக்கை முதல் சாமி படம் வரை. ஆனால் அடாப்டர் தன் சூட்டைக் கழிக்க அந்த பிளாஸ்டிக் தோலைத்தான் நம்பியிருக்கிறது. கீழே ஸ்டெபிலைசரின் அனல், சுற்றிலும் பஞ்சுப் போர்வை, மேற்கூரை ஆஸ்பெஸ்டாஸ். மூன்றரை வருடம், சித்திரை வெயில் உள்பட.

மல்டிமீட்டரில் குறைந்த அளவையும் கூடின அளவையும் பிடித்து வைக்கும் பொத்தானை அழுத்தி, அதே பாக்ஸில் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். தறி ஓடும்போது 198 வோல்ட். ஆறு மணிக்கு ஷிப்ட் மாற எல்லாத் தறியையும் நிறுத்திப் பஞ்சு தட்டி எண்ணெய் விட்டார்கள். நின்றதும் 226க்கு ஏறியது. அப்புறம் ஒவ்வொரு மோட்டாராகப் போட்டார்கள். தறிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 1 குதிரைத்திறன். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓட்டத்துக்கு வேண்டியதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அது எந்த இண்டக்‌ஷன் மோட்டாருக்கும் உள்ள குணம். தறிக்குத் தனி மீட்டர், வீட்டுக்குத் தனி மீட்டர் என்றாலும் கம்பத்திலிருந்து வரும் கம்பி ஒன்றே, நீளமும் கொஞ்சம் அதிகம். எட்டாவது மோட்டார் ஓடத் தொடங்கியபோது மீட்டர் பிடித்து வைத்திருந்த ஆகக் குறைந்த அளவு 168.

சரியாக அந்த நேரம் ஆத்தா சத்தத்தை ஏற்றச் சொன்னார். தவில் விழுந்தது. ஸ்பீக்கர் அணைந்தது. நீல வளையம் சுற்றியது.

"பாத்தியா கண்ணு, நாம் பொய் சொல்லல" என்றார்.

மோடம் எரிந்துகொண்டேதான் இருந்தது.

இங்கேதான் புதிர் முறுக்கிக்கொண்டது. வோல்டேஜ் இறங்கியதால் அணைந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம், கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். ஊரில் எது கெட்டாலும் லோ வோல்டேஜ் மேல் பழி போடுவது நமக்கு வழக்கம்தான். 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியதிலிருந்து மோட்டாரை நம்பிப் பிழைக்கும் சீமை இது, வோல்டேஜ் பேச்சு இல்லாத நாளே கிடையாது. ஆனால் அடாப்டரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது? உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை. 168 அதற்குள் தாராளமாக அடங்குகிறது. நல்ல அடாப்டர் என்றால் 168இல் மூக்கைக்கூடச் சிணுக்காது. அப்படியென்றால் கரண்டும் குற்றவாளி இல்லை, அல்லது தனியாக இல்லை.

சந்தேகத்தைத் தீர்க்க வீட்டிலேயே இன்னொன்று செய்தேன். மோடத்தை அணைத்துவிட்டு, என் போனிலிருந்து புளூடூத்தில் அதே பாட்டை 8இல் வைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு மோட்டார் போடும் நேரம் வரை காத்திருந்தேன். அணைந்தது. வைஃபை கணக்கிலிருந்தே போய்விட்டது.

அடாப்டரையும் ஸ்பீக்கரையும் கடைக்கு எடுத்து வந்தேன். என்னிடம் ஒரு பழைய வேரியாக் இருக்கிறது, வீட்டு மின்சாரத்தை வேண்டிய வோல்ட்டுக்கு இறக்கித் தரும் சுருள் பெட்டி. டிவி காலத்தில் வாங்கியது, பல வருடம் தூசி தின்றுகொண்டிருந்தது. 230 வைத்து சத்தம் 8, கும்மிப் பாட்டு: ஓடியது. 170க்கு இறக்கி சத்தம் 3: ஓடியது. 170 வைத்து சத்தம் 8: இரண்டாவது ஜமாப் அடியில் போனது. திரும்பத் திரும்ப ஐந்து தடவை செய்தேன், ஐந்து தடவையும் அதே இடம். அப்புறம் என் கடையிலிருந்த நல்ல 12 வோல்ட், 1.5 ஆம்பியர் அடாப்டரை மாட்டி 170, 150, 130 வரை இறக்கினேன். சத்தம் 10. ஜமாப் காதைக் கிழித்தது, ஸ்பீக்கர் அசையவில்லை.

ஆக ஸ்பீக்கருக்குச் சீக்கு எதுவும் இல்லை. முதல் நாள் என் மேசையில் ஏன் அணையவில்லை என்பதும் விளங்கிவிட்டது. என் கடையில் 231 வோல்ட், நான் வைத்த சத்தம் 3. இரண்டு நிபந்தனையும் இல்லாத இடத்தில் வைத்து மூன்று மணி நேரமல்ல, மூன்று மாதம் சோதித்திருந்தாலும் கிடைத்திருக்காது.

ஜமாப்புக்கும் அடாப்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தறிக்காரர் கேட்டார். ஸ்பீக்கர் சும்மா இருக்கும்போது இழுப்பது 0.15 ஆம்பியர், அதாவது 2 வாட்டுக்கும் கீழே. பேச்சுக்குக் கொஞ்சம் கூடும். மத்தளம், தவில், ஜமாப் மாதிரி அடித்தொண்டைச் சத்தம் முழு அளவில் விழும்போது அந்த ஒரு கண நேரத்துக்கு மட்டும் 1 ஆம்பியரைத் தாண்டியது. அந்தக் கணத்தில் அடாப்டர் கொடுக்காவிட்டால் 12 வோல்ட் சரியும். சரிந்தால் சிப் தன்னைத் தானே அணைத்து முதலிலிருந்து தொடங்கிக்கொள்ளும், பாதி வோல்ட்டில் கண்டபடி ஓடுவதைவிட அது மேல் என்று அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

அடாப்டரை ஏன் குறை சொல்கிறோம் என்பதற்கு உள்ளே பார்க்க வேண்டும். இதை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். சொருகியிருக்கும்போது உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் நிற்கும், பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். நான் வடியவிட்டு, மேலோட்டை ரம்பத்தால் அறுத்துத்தான் திறந்தேன். ஒட்டித் தைத்த ஓடு, திருப்பி மூட முடியாது.

உள்ளே முதல் அறையில் 400 வோல்ட் தாங்கும் இரண்டு கெப்பாசிட்டர், பழைய ஆட்கள் கண்டன்சர் என்போம். ஒவ்வொன்றிலும் 15 மைக்ரோபாரட் என்று அச்சடித்திருந்தது, இரண்டும் சேர்த்து 30. கழற்றி அளந்தேன். ஒன்று 2.3, இன்னொன்று 1.8. முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நாலு சொச்சம். வெளியே பார்த்தால் உப்பலில்லை, கசிவில்லை, புதிது போலவே இருந்தன. உள்ளிருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வறண்டு போனால் இப்படித்தான் ஆகும். பத்து டிகிரி சூடு கூடினால் இதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாக எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. ஸ்டெபிலைசரும் பஞ்சும் சேர்ந்து எத்தனை பத்து டிகிரியைக் கூட்டினவோ.

தறிக்காரருக்கு இதை மேல்தொட்டி வைத்துச் சொன்னேன். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 தடவை இப்படியும் அப்படியும் ஆடுவது. அதைத் திருப்பி ஒரே பக்கமாக விடும்போது நொடிக்கு 100 தடவை அந்தக் கெப்பாசிட்டர் தொட்டி நிரம்புகிறது. ஒரு நிரப்புக்கும் அடுத்த நிரப்புக்கும் நடுவில், ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள், வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் தொட்டியிலிருந்துதான் போக வேண்டும். தொட்டி பெரிது என்றால் மோட்டார் கொஞ்சம் மெதுவாக ஏற்றினாலும் குழாயில் தெரியாது. இங்கே முப்பது குடம் கொள்ளும் தொட்டி நாலு குடம் கொள்ளும் அளவுக்குச் சேறடைந்துவிட்டது. அப்போதும் தண்ணீர் பலமாக ஏறும்வரை, அதாவது 230 வோல்ட் வரும்வரை, சமாளித்துவிடும். ஏறுவது குறைந்தால்தான் வினை. கெப்பாசிட்டரில் நிற்கும் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 லிருந்து 170க்கு இறங்கினால் வோல்ட் கால் பங்குதான் குறைகிறது, நிற்கும் சக்தியோ கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஜமாப் அடித்தால் குழாயில் காற்றுதான் வரும்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப தறி ஓடறப்ப வோல்ட் கொறையுது. தறி ஓடறப்பதான் ஆத்தா சத்தத்தையும் ஏத்துது. ரெண்டுக்கும் தறிதான் காரணம்ங்களா?" என்றார்.

அதைத்தான் நான் ஒன்பது நாளாகச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். வரவைக் குறைத்ததும் தறி, செலவைக் கூட்டியதும் தறி, தொட்டியில் சேறு தள்ளிய பஞ்சும் தறியுடையதே. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஸ்பீக்கர் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

கோவை காந்திபுரம் போய் 12 வோல்ட், 1.5 ஆம்பியர், பின் அளவு பொருந்தும் புது அடாப்டர் வாங்கினேன், 450 ரூபாய் ஆனது. கையில் எடைபோட்டுத்தான் வாங்குவேன், வெறும் ஓடு மாதிரி இலேசாக இருந்தால் உள்ளே தொட்டி சின்னது என்று சந்தேகம். இது அறிவியல் முறை அல்ல, ஆனாலும் விடமாட்டேன். ஸ்டெபிலைசருக்கு மேலே இருந்து விலக்கி, ஜன்னல் பக்கம் கையெட்டும் இடத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஆணியடித்து மாட்டினோம். வாரம் ஒரு தடவை, சுவிட்சை அணைத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் பஞ்சு தட்டும் பொறுப்பைத் தறிக்காரரே எடுத்துக்கொண்டார். தறிக்குத் தினம் தட்டுகிறோம், இதற்கு வாரம் ஒரு நாள் தட்டினால் என்ன என்றார்.

வேறு வீட்டில் இதே புகார் வந்தால் இதே முடிவுக்கு ஓடக்கூடாது என்பதற்காக, நான் ஒதுக்கி வைத்தவற்றையும் எழுதி வைக்கிறேன். நல்ல அடாப்டர் மாட்டி, நல்ல வோல்ட்டில், அப்போதும் சத்தம் ஏற்றினால் மட்டும் விழுகிறதென்றால் ஸ்பீக்கருக்குள் ஒலிபெருக்கிப் பகுதியில் கோளாறு. இணைக்கும் வயரை லேசாக ஆட்டினால் விழுந்தால் பின் நுழையும் குழிதான் விட்டிருக்கும், பற்றுவைத்தால் தீரும். பாட்டே போடாமல், எழும்போதே ஒவ்வொரு தடவையும் ஒரே கட்டத்தில் நின்று திரும்பச் சுழல்கிறதென்றால் மென்பொருள் சிக்கல். பேக்டரி ரீசெட்டுக்கு வேலை உள்ள இடம் அது ஒன்றுதான். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடி, தொட்டால் சுடும்போது மட்டும் அணைந்தால் காற்றோட்டம் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் பார்க்குமுன் தெரிந்த நல்ல அடாப்டர் ஒன்றை ஒரு நாள் மாட்டிப் பார்ப்பது லாபம். நான் பார்த்த வரையில் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கதை அங்கே முடியவில்லை.

புது அடாப்டர் மாட்டிய மறுநாள் காலை ஆறு மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழைப்பு வரவில்லை. மதியமும் இல்லை. இராத்திரி ஏழரைக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். "ஏனுங் மாமா, ஒரு தடவை அணைஞ்சுதுங். 6:42க்கு." அடுத்த நாள் 6:38. அதற்கடுத்த நாள் 6:45. தினம் ஒன்றே ஒன்று. அப்போது தறி சீராக ஓடிக்கொண்டிருக்கிறது, மோட்டார் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. சத்தம் ஒரு நாள் 7, ஒரு நாள் 5, ஒரு நாள் பாட்டே இல்லை. பழைய நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். முன்பும் 6:40ஐ ஒட்டித் தினம் ஒரு வரி இருந்திருக்கிறது. சாயங்காலக் கொத்தில் ஒளிந்திருந்ததால் நான் தனியாகப் பார்க்கவில்லை. சத்தம் 3, 4 என்று எழுதிய அந்த இரண்டு வரியும் இதில்தான் இருந்தன. கணக்கில் ஒட்டாத வரியை அன்றைக்கே விசாரித்திருக்க வேண்டும்.

பதினான்காம் நாள் ஆறேகாலுக்கே போய் நாற்காலி போட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். மீட்டரில் 201, ஆட்டமில்லை. ஆத்தா கும்மி கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியது. அந்தப் பெண் படிப்பதற்கு உட்காரப் போனவள், வழியில் ஜன்னலைச் சாத்தினாள், அலமாரியிலிருந்து கொசு மருந்து மிஷினை எடுத்தாள், பாக்ஸில் காலியாக இருந்த ஓட்டையில் அழுத்திச் சொருகினாள். ஒற்றை ஆணியில் தொங்கும் பாக்ஸ் லேசாகச் சாய்ந்தது. ஸ்பீக்கர் அணைந்தது.

மணி 6:41. அடாப்டர் மாட்டியிருந்த ஓட்டையின் உள்தகடு விரிந்து போயிருந்தது. பாக்ஸ் சாயும்போது பின் கண நேரம் விடுபட்டு மறுபடி ஒட்டுகிறது. பொறி பறக்கிற இடத்தில் பஞ்சும் இருக்கிற வீடு, அதனால் பாக்ஸை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டு, சுவரில் புது பிளக் பாயின்ட் ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் நோட்டைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டாள். கடைசி வரியை வாசித்தேன். நேரம்: 6:41. பாட்டு: கும்மி. சத்தம்: 6. தறி: ஓடுது. பக்கத்தில் புதிதாக ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டு, காரணம் என்று தலைப்பு எழுதி, அதில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தாள்: நான் தான்.